எங்கடை கொட்டில்

யன்னல் பக்கம் நீங்களே இருங்கோ பிள்ளை, எனக்கு இந்தக் கரை போதும். பையை மடியிலை வைச்சிருக்கிறன், அதாலை உங்களுக்கு ஒரு இடைஞ்சலும் வராது. உள்ளுக்கை என்ரை மகன்ரை படம். கண்ணாடி போட்டது, மேலை தட்டிலை வைச்சால் இந்த பஸ் குலுக்கிற குலுக்கலுக்கு உடைஞ்சு போகும்.

நீங்கள் மன்னார் மட்டுமோ? நான் அதுக்கு முன்னம், நறுவிலிமுனைச் சந்தியிலை இறங்கிடுவன்.

எங்கை போட்டு வாறீங்கள் எண்டு கேட்டீங்கள் என்ன. எலும்பு எடுத்த இடத்துச் சாமான் பாக்கப் போனனான். கேள்விப்பட்டிருப்பீங்கள். எங்கடை ஊர்ப் பக்கம் தண்ணித் தாங்கி கட்ட அத்திவாரம் வெட்டேக்கை வெளியிலை வந்தது. எலும்பை எங்களுக்குக் காட்டமாட்டினம், அது கோட்டுக்குப் போகும். அதோடை கிடந்த உடுப்பு, செருப்பு, அப்பிடியானதுகளைத்தான் டவுணிலை ஒரு மண்டபத்திலை மேசை போட்டுப் பரப்பி வைச்சிருக்கினம். காணாமல் போனாக்களின்ரை சொந்தக்காரர் வந்து அடையாளம் காட்டலாமாம். போனன், பாத்தன். என்ரை பிள்ளையின்ரை ஒண்டும் இல்லை.

இல்லைப் பிள்ளை, நான் அழேல்லை. இது கண்ணிலை தூசி. அழுகிற காலமெல்லாம் போட்டுது, இப்ப எனக்குக் கோவம்தான். ஆமிக்காரனிலை இருக்கிற கோவம் பழகின கோவம், அது தன்ரை பாட்டிலை ஒரு பக்கத்திலை கிடக்கும். இது வேறை. இது எங்கடை பக்கத்து வீட்டு றாவியாவிலை.

சொல்லுறன். இன்னும் தூரம் கிடக்குத்தானே.

என்ரை மகனுக்குப் பேர் றெஜீஸ். ஒரே பிள்ளை. தேப்பன் அவனுக்கு எட்டு வயசிலை கடலிலை செத்துப்போனார். கடைசிச் சண்டையிலை, வீட்டுக்கு ஒராள் எண்டு இயக்கம் அவனையும் கொண்டு போனது. அவன் விரும்பிப் போகேல்லை, கட்டிலுக்குக் கீழை ஒளிச்சவனைத்தான் இழுத்துக்கொண்டு போனவை. அது அந்த நேரத்துத் தேவை, அதை நான் குறை சொல்லமாட்டன். பிறகு எல்லாம் முடிஞ்சு வெளியிலை வாறம், சனத்துக்கு மேலை சனம். அப்ப ஒலிபெருக்கியிலை ஆமிக்காரன் நல்ல தமிழிலை சொல்லுறான், ஒரு நாள் இயக்கத்திலை இருந்தாலும் வந்து பதியுங்கோ, விசாரிச்சுப்போட்டு வீட்டை விட்டிடுவம் எண்டு. றெஜீஸ் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான், விடமாட்டன் எண்டுறான். நான்தான் சொன்னனான், போ மகன், பதிஞ்சிட்டு வா, ஒளிச்சால்தான் பிரச்சினை எண்டு. என்ரை கையாலை ஒப்படைச்சனான். வாங்கின ஆமிக்காரன் எனக்குத் தலையை ஆட்டிச் சிரிச்சவன். இப்ப கேட்டால், அப்பிடி ஒராளை நாங்கள் எடுக்கவேயில்லை எண்டுறாங்கள்.

அதுக்குத்தான் நாங்கள் ரோட்டுக்கரையிலை கொட்டில் போட்டு இருக்கிறம். தகரக் கொட்டில். பிள்ளையளைக் குடுத்த தாய்மார், புருசனைக் குடுத்த பொம்பிளையள். வெயிலுக்கையும் இருக்கிறம், மழைக்கையும் இருக்கிறம். என்ன கேக்கிறம் எண்டு நினைக்கிறீங்கள்? வீடோ காணியோ கேக்கேல்லை. ஒரு சொல்லுத்தான் கேக்கிறம். இருக்கிறானோ, இல்லையோ. இல்லையெண்டால் எந்த இடத்திலை. அதிலை போய் ஒரு மெழுகுதிரி கொளுத்த வேண்டாமோ? அந்த ஒரு சொல்லைச் சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரேல்லை. எல்லாம் தெரிஞ்சுகொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிற சனம் இருக்குப் பாருங்கோ, அடிச்சவனைக்கூடக் கடவுள் மன்னிப்பார், அதுகளை மன்னிக்கப்படாது.

ஒருக்கா ஒரு பெரிய அதிகாரி வந்தவர். வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு. அம்மா, நடந்தது நடந்து போச்சு, கிண்டிக் கிண்டிப் பாத்தால் புண்தான் பெருக்கும், இனி எல்லாச் சனமும் ஒற்றுமையா முன்னுக்குப் பாப்பம் எண்டார். நான் செருப்பைக் கழட்டினனான் பிள்ளை. கொட்டிலிலை என்னோடை இருக்கிற செபஸ்தியம்மா பிடிச்சபடியா அவர் தப்பினார்.

அப்பிடிப்பட்ட கொட்டிலுக்குள்ளை ஒரு நாள் காலமை றாவியா வந்து நிக்கிறா, கையிலை ஒரு படத்தோடை.

றாவியா ஆரெண்டு சொல்லவேணும். எங்களுக்கும் அவைக்கும் நடுவிலை ஒரு பங்குக் கிணறு. அந்தப் பக்கம் அவை, இந்தப் பக்கம் நாங்கள். அவவின்ரை மனுசன் அலாவுதீன் நானா, வலையும், தங்கூசி எண்டுற நைலோன் நூலும், மண்ணெண்ணெயும் விக்கிற கடை வைச்சிருந்தவர். நல்ல மனுசன், அதை நான் இல்லையெண்டு சொல்லமாட்டன். நத்தார்ப் பெருநாளுக்கு எங்கடை வீட்டிலை கோழி எண்டால் நானா வந்துதான் அறுத்துத் தருவார். அப்பதானே அவையும் சாப்பிடலாம். றெஜீஸ் கைக்குழந்தையா இருக்கேக்கை எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்து, றாவியாவின்ரை இடுப்பிலைதான் வளந்தவன். அவ என்னை எமிலி எண்டுவா, நான் அவவை றாவியா எண்டுவன். ஒரே வயசு. நீ, நான் எண்டுதான் கதைப்பம்.

தொண்ணூறாம் ஆண்டு, இயக்கம் முஸ்லிம் சனத்தை எல்லாம் ஊரை விட்டுப் போகச்சொல்ல முன்னம், ஒரு பின்னேரம் வாகனம் ஒண்டு வந்தது. என்ரை தம்பி சவிரியும் அதிலை வந்தவன். அவன்தான் அப்ப எங்கடை பகுதிக்கு இயக்கத்திலை பொறுப்பு. நானா ஆமிக் காம்புக்குத் தகவல் குடுக்கிறார் எண்டு ஒரு கதை. கதைதான், ஆனால் விசாரிக்கத்தானே வேணும். சவிரி கேற்றடியிலை நிண்டு, நானா ஒருக்கா வாங்கோ எண்டு மரியாதையாத்தான் கூப்பிட்டவன். அடிக்கேல்லை, இழுக்கேல்லை. றாவியா கேற்றைப் பிடிச்சுக்கொண்டு, தம்பி ராச்சாப்பாட்டுக்கு முன்னம் விட்டிடுவீங்கதானே எண்டு கேட்டவ. ஓம் ராத்தா எண்டவன், அவையின்ரை முறையிலை அக்கா எண்டு. போகேக்கை எங்கடை வீட்டுக்குள்ளை வந்து தண்ணி வாங்கிக் குடிச்சவன். ரெண்டு செம்பு. எனக்கு ஞாபகம் இருக்கு, சேட்டெல்லாம் தண்ணி.

அவ்வளவுதான். நானா வரேல்லை.

அது நடந்து கொஞ்ச நாளிலை அவை எல்லாரையும் ஊரை விட்டுப் போகச் சொல்லியாச்சு. உடுத்த உடுப்போடை எண்டு சொல்லுவினம், அப்பிடியெல்லாம் இல்லை, பையிலை கொஞ்சம் கொண்டு போகலாம். எங்களுக்கும் கவலைதான். ஆனால் நாங்கள் என்ன செய்யிறது? றாவியா பொம்பிளைப் பிள்ளையளை ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கொண்டு என்ரை வாசலிலை நிண்டவ. எமிலி, சவிரியட்டக் கேளு, நாங்க போனா இவர் வந்து எங்களை எங்கை தேடுவார் எண்டவ. கேக்கிறன் எண்டனான். சோறும் சம்பலும் கட்டிக் குடுத்தனான், அதை அவ இண்டைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதா நான் கேள்விப்படேல்லை.

கேட்டனான் பிள்ளை. நான் சொன்ன சொல்லுத் தவறுறேல்லை. சவிரியட்டைக் கேட்டனான். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், கோப்பையைத் தள்ளி வைச்சிட்டு, அக்கா, அதை விடுங்கோ எண்டான். விட்டிட்டன். பிறகு அவன் போகேக்கை வாசலிலை நிண்டு சொன்னவன், தண்ணித் தாங்கி இப்ப வெட்டின பக்கம் இருக்கே, அப்ப அது பத்தைக் காடு, அந்தப் பக்கம் விறகுக்குப் போகாதேங்கோ அக்கா எண்டு. மிதிவெடி கிடக்காக்கும் எண்டு நான் நினைச்சன்.

சவிரியும் போட்டான். வீரச்சாவு. துயிலுமில்லத்திலை நல்ல கல்லறை கட்டினவை, நான் கார்த்திகைக்குக் கார்த்திகை விளக்கேத்தினனான். ஆமி வந்து புல்டோசர் விட்டு இடிச்சுத் தரையாக்கிப்போட்டான். இப்ப என்ரை தம்பி எந்த இடத்திலை கிடக்கிறான் எண்டு எனக்குத் தெரியாது. ஒரு மனுசனைத் தாட்ட இடத்தைக்கூடத் தெரியவிடாமல் செய்யிறது என்ன மனுசத்தனம், நீங்களே சொல்லுங்கோ.

றாவியாவின்ரை வீட்டை நான்தான் பாத்தனான். சும்மா விட்டால் கண்டவன் நிண்டவன் எல்லாம் கழட்டிக்கொண்டு போவாங்கள். அதுக்கு முன்னம் கூரை ஓடுகளையும் கதவையும் நிலையையும் நாங்கள் கழட்டி எங்கடை வீட்டுக்குப் போட்டம். நல்ல முதிரைக் கதவு. நான் என்ரை வாசலுக்குப் பூட்டினபடியாத்தானே அந்தக் கதவு இண்டைக்கும் இருக்கு. அதுக்கு ஒரு நன்றி வேண்டாமோ?

சண்டை முடிஞ்சு அவை புத்தளத்திலை இருந்து திரும்பி வந்தினம். போகேக்கை முப்பது வயசுக்காரி, வரேக்கை பல்லும் விழுந்து கண்ணாடியும் போட்டுக்கொண்டு வாறா. பழைய சுவரிலை தகரம் போட்டுக்கொண்டு இருந்தவை, பிறகு வீட்டுத் திட்டத்திலை ஒரு சின்ன வீடு கிடைச்சது. முதல் நாள் என்னட்டை வந்தவ. வந்த உடனை றெஜீஸ் எங்கை எண்டு கேட்டா. சொன்னன். அந்த இடத்திலையே குந்தியிருந்து அழுதா. நான் அழாமல் நிக்கிறன், என்ரை பிள்ளைக்கு அவ அழுகிறா. பிறகு முகத்தைத் துடைச்சுக்கொண்டு எழும்பேக்கை கதவைப் பாத்தா. கையை ஒருக்கா நிலையிலை வைச்சா, எடுத்தா. கேட்டிருந்தால் நான் ஏதும் சொல்லியிருப்பன். கேக்காமல் பாத்திட்டுப் போறது என்ன பழக்கம்? போகேக்கை, வாறன் நீங்க இருங்க எண்டா. நீங்க. என்னைப் பாத்து நீங்க.

சரி, அது போகட்டும். கொட்டில் கதைக்கு வாறன்.

அண்டைக்குக் காலமை நாங்கள் பாய் விரிச்சுக்கொண்டிருக்கிறம். அவ நானாவின்ரை படத்தைப் பெருசாக்கிப் பிறேம் போட்டு நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு வந்து, நானும் இதில இருக்கலாமா எண்டு கேக்கிறா. எல்லாரும் ஒராளை ஒராள் பாக்கினம். நான்தான் வாயைத் திறந்தன். றாவியா, இது வேறை விசயம், எங்கடை கோரிக்கை வேறை எண்டன். எனக்குக் கோரிக்கை ஒண்டுமில்லை, இருக்க ஒரு இடம் தாங்க, கரையில இருக்கிறன் எண்டா.

நான் செபஸ்தியம்மாவைத் தனிய கூப்பிட்டன். அவதான் எங்கடை கொட்டிலுக்குத் தலைவி, மூண்டு பிள்ளையைக் குடுத்தவ. நான் கேட்டன், அக்கா, நாங்கள் ஆமியட்டைக் கேக்கிறம். இவவின்ரை மனுசனை ஆமி பிடிக்கேல்லை. அப்ப இவ இதிலை இருந்து ஆரட்டைக் கேக்கப்போறா?

செபஸ்தியம்மா என்னை நல்லாப் பாத்திட்டு, அதைத்தான் எமிலி அவவும் யோசிச்சுக்கொண்டு இருப்பா எண்டா. சொல்லிப்போட்டு அவவுக்குப் பக்கத்திலை தன்ரை பாயை விரிச்சா.

நான் என்ன செய்யிறது? இருந்தன். ஒவ்வொரு நாளும் வருவா. சத்தம் போடமாட்டா, கோசம் சொல்லமாட்டா. மத்தியானம் தொழுகைக்குப் போட்டுத் திரும்பி வந்து அதே இடத்திலை இருப்பா. வெளிநாட்டுக்காரர் படம் எடுக்க வந்தால் எல்லாற்றை கமராவும் அவவிலைதான். முக்காடு போட்ட ஒராள் எங்களுக்குள்ளை இருக்கிறது அவங்களுக்கு வடிவாத் தெரிஞ்சுதாக்கும். நான் வருசக்கணக்கா இருக்கிறன், என்ரை பிள்ளையின்ரை படம் பத்திரிகையிலை மூலைக்குள்ளை. இவ வந்து ஒரு மாதம் இல்லை, நானாவின்ரை படம் முன்பக்கத்திலை. நீங்களெண்டால் என்ன செய்திருப்பீங்கள்?

பிறகு கொழும்பிலை இருந்து ஒரு குழு வந்தது. உண்மையை அறியிற குழுவாம். பள்ளிக்கூட மண்டபத்திலை இருத்திவைச்சு ஒவ்வொருத்தரா விசாரிச்சினம். மூண்டு பேர், அதிலை ஒரு சிங்களப் பொம்பிளை, மொழிபெயர்க்க ஒரு பொடியன். என்ரை முறை வந்தது. நான் மேசையிலை அடிச்சுச் சொன்னனான். ஆர் கொண்டு போனவன் எண்டு முகம் தெரியும், நெத்தியிலை தழும்பு, தோளிலை ரெண்டு நட்சத்திரம், கொண்டு வந்து நிப்பாட்டுங்கோ, இந்த விரலாலை காட்டுறன் எண்டன். மண்டபம் முழுக்க அழுதது.

எனக்கு அடுத்த கதிரை றாவியா. அவவை அந்தச் சிங்களப் பொம்பிளை கேக்கிறா, உங்களுடைய கணவரைக் கொண்டு போனது ஆர் எண்டு தெரியுமா அம்மா எண்டு. பின்னுக்கு எங்கடை ஊர்ச் சனம் முழுக்க இருக்குது. எல்லாருக்கும் தெரியும். ஊரிலை தெரியாத ஆள் இல்லை.

றாவியா, தெரியா எண்டா.

அந்தப் பொடியன் திரும்பவும் கேட்டான். ஒருத்தரையும் நீங்கள் அடையாளம் காணேல்லையா?

நான் உள்ளுக்கு இருந்த, முகம் பாக்கல்ல எண்டா.

பொய் பிள்ளை. பச்சைப் பொய். கேற்றைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. தம்பி எண்டு கூப்பிட்டவ. சத்தியம் பண்ணிப்போட்டுப் பொய் சொல்லுறா. அந்தச் சிங்களப் பொம்பிளை ஏதோ விளங்கின மாதிரி, பயப்படாமல் சொல்லலாம் அம்மா எண்டா. அதுக்கு இவ சொல்லுறா, பயமில்லை மகள், நாங்க பக்கத்தில பக்கத்திலதானே இருக்கணும் எண்டு.

என்னைத் திரும்பிக்கூடப் பாக்கேல்லை. பாத்திருந்தாலாவது ஒரு ஆறுதல். சவிரியின்ரை அக்கா பக்கத்திலை இருக்கிறா எண்டு தெரிஞ்சுகொண்டு, ஊர் பாக்க எனக்குப் பிச்சை போட்டமாதிரி. நான் கேட்டனானோ? சொல்லாதை எண்டு நான் கேட்டனானோ? வெளியிலை வந்தால் சனம் அவவைத்தான் கையைப் பிடிச்சுக் கதைக்குது. என்னோடை ஒருத்தரும் கதைக்கேல்லை. மேசையிலை அடிச்சுக் கை வீங்கிக் கிடக்கு, ஒருத்தரும் என்னெண்டு கேக்கேல்லை.

அடுத்த நாள் மத்தியானம், நான் சாப்பிட்டுக் கோப்பை கழுவுறன், றாவியா வேலியைச் சுத்தி வந்தா. கதிரையிலை இருக்கச் சொன்னன், இருந்தா. தேத்தண்ணி வேண்டாம் எண்டா. பிறகு, எமிலி எண்டா. ஊருக்கு வந்த பிறகு அண்டைக்குத்தான் பேரைச் சொன்னது.

எமிலி, அங்க நான் சொல்லல்ல. இனியும் சொல்லமாட்டன். சவிரி மவுத்தாப் போன பிள்ளை, அவரில எனக்கு ஒண்டும் இல்லை. ஒரு சொல்லு மட்டும் எனக்குச் சொல்லு. இருக்காரா இல்லையா. இல்லையெண்டா எந்தப் பக்கம்.

பாத்தீங்களோ? எங்கடை வசனம். எங்கடை கொட்டிலிலை இருந்து பாடமாக்கின வசனம். அதை என்னட்டையே கொண்டுவந்து சொல்லுறா.

பிறகு சொன்னா, நான் இன்னும் இத்தா இருக்கல்ல எமிலி எண்டு. புருசன் மவுத்தானால், அதுதான் செத்தால், அவை வீட்டுக்குள்ளை ஒதுங்கி இருக்கிற காலம் ஒண்டு இருக்கு, அதைச் சொல்லுறா. ஆரும் மவுத்து எண்டு சொன்னாத்தானே இருக்கலாம், கைம்பெண்ணா பொஞ்சாதியா எண்டு தெரியாமலே கிழவியாப் போனன், மகள்மார்ட கலியாணத்தில வாப்பா இருக்காரா எண்டு கலியாணம் எழுத வந்த லெப்பை கேட்டா என்ன சொல்லுற எண்டு தெரியாம முழிச்ச, நான் மவுத்தாக முன்னம் அந்தக் கடமையை முடிக்கணும் எண்டா. அழேல்லை. சாதாரணமாக் கதைக்கிறமாதிரித்தான் சொன்னா.

நான் சொன்னன், எனக்கென்னடியப்பா தெரியும். நான் என்னத்தைக் கண்டன். அந்தக் காலத்திலை எவ்வளவோ நடந்தது, ரெண்டு பக்கமும் நடந்தது. இப்ப அதுகளைக் கிண்டி என்ன வரப்போகுது? புண்தான் பெருக்கும். இனி எங்கடை ரெண்டு சனமும் ஒற்றுமையா இருக்கிற வழியைப் பாப்பம்.

நல்ல கதைதானே பிள்ளை? நான் நல்லதைத்தான் சொன்னனான்.

அவ என்ரை முகத்தையே பாத்துக்கொண்டிருந்தா. பிறகு எழும்பி, சரி, நீங்க சாப்பிட்ட கையோட நிக்கிறீங்க எண்டு சொல்லிப்போட்டுப் போட்டா. திரும்பவும் நீங்க. அண்டைக்குப் பிறகு கொட்டிலுக்கும் வரேல்லை. செபஸ்தியம்மா ரெண்டு தரம் வீட்டை போய்க் கூப்பிட்டும் வரேல்லை. என்ன நடந்தது எமிலி எண்டு செபஸ்தியம்மா என்னட்டைக் கேட்டா. எனக்கென்ன தெரியும், முழங்கால் வருத்தமாக்கும் எண்டன்.

கிணத்தடியிலை கண்டாலும் வாளியை வைச்சிட்டு உள்ளுக்குப் போயிடுவா. நானும் போகட்டும் எண்டு விட்டிட்டன்.

இண்டைக்குக் காலமை நான் வெளிக்கிட்டுக் கேற்றைத் திறக்கிறன், அவ வேலிக்கரையிலை தடியை ஊண்டிக்கொண்டு நிக்கிறா. நீங்க அங்க போறீங்களாம் எண்டா. ஓம் எண்டன். எனக்குக் கால் ஏலாது, மகளும் வேலைக்குப் போட்டா, அவர்ட ஏதும் கிடக்கா எண்டு ஒருக்காப் பாத்துக்கொண்டு வாங்க எண்டா. சரி பாப்பம் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். வழியிலை போற ஆளை மறிச்சு அப்பிடிக் கேட்டால் வேறை என்னத்தைச் சொல்லுறது?

அந்த மண்டபத்திலை வெள்ளைத் துணி விரிச்ச மேசையள். கையுறை போட்ட ஒரு பிள்ளை கூட வந்து காட்டுது, அம்மா தொடாமல் பாருங்கோ எண்டு. செருப்பு, சேட்டுப் பூட்டுற தெறி, சாரத் துண்டு, உக்கின சேட்டுக் கொலர். ஒவ்வொண்டையும் குனிஞ்சு பாத்தன். எங்கடை பெடியளின்ரை இல்லை எண்டு பாத்த உடனையே விளங்கீட்டுது. எல்லாம் பழசு. அந்தக் காலத்து உடுப்பு.

கடைசி மேசையிலை ஒரு பெல்ட் கிடந்தது. அகலமான பெல்ட் பிள்ளை, முந்தி முஸ்லிம் கடைக்காரர் சாரத்துக்கு மேலை கட்டுறது, பொக்கற்றெல்லாம் வைச்சு. நிறம் போட்டுது, மண் தின்று பாதிதான் இருக்கு. ஆனால் கொக்கிக்குப் பக்கத்திலை தையல் அப்பிடியே இருக்கு. தங்கூசித் தையல். தங்கூசி உக்காது. கொக்கி அறுந்துபோச்செண்டு எங்கடை வீட்டு வாசலிலை இருந்துகொண்டு நானா தானே தைச்சது அது. வலை முடியிற ஊசியை நான்தான் எடுத்துக் குடுத்தனான். இப்பிடித் தைச்சால் நான் மவுத்தானாலும் இது அறாது எமிலி எண்டு சொல்லிச் சிரிச்சவர்.

பாத்துக்கொண்டு நிண்டன். மேசை விளிம்பைப் பிடிச்சன். அந்தப் பிள்ளை கதிரை கொண்டுவந்து இருத்தித் தண்ணி தந்துது. ஏதும் அடையாளம் தெரியுதா அம்மா எண்டு கேட்டுது.

என்ரை பிள்ளையின்ரை ஒண்டும் இல்லை எண்டன்.

வேறை ஆரின்ரையும் எண்டு தெரியுதோ எண்டு கேட்டுது.

வேறை ஆக்களின்ரை எனக்கெப்பிடித் தெரியும் எண்டன். எழும்பி வந்திட்டன்.

ஏன் பிள்ளை அப்பிடிப் பாக்கிறீங்கள்? நீங்கள் சின்னப்பிள்ளை, உங்களுக்கு விளங்காது. நான் அந்த பெல்ட்டைக் காட்டியிருந்தால் என்ன நடக்கும்? அந்தக் குழி ஆர் வெட்டின குழி எண்டு நாளைக்கே பத்திரிகையிலை வரும். பாத்தீங்களோ, இவையள் தாங்கள் செய்ததை வைச்சுக்கொண்டு எங்களைக் கேக்க வந்திட்டினம் எண்டு ஆமிக்காரன் சிரிப்பான். எங்கடை கொட்டிலுக்கு ஒரு நாய் வருமோ? தாய்மார் இத்தினை வருசம் வெயிலுக்கை காய்ஞ்சது என்னத்துக்கு? சவிரிக்கு ஒரு கல்லறைதான் இல்லாமல் போச்சு, ஒரு பேராவது மிஞ்சி இருக்கு. அதையும் நான் என்ரை கையாலை குடுக்கவோ?

இதெல்லாத்தையும் விடுங்கோ. நான் ஒண்டு கேக்கிறன். நான் ஒவ்வொரு மேசையாக் குனிஞ்சு குனிஞ்சு பாக்கிறன், என்ரை பிள்ளையின்ரை ஒரு தெறியாவது கிடக்காதோ எண்டு. ஒரு தெறி போதும் எனக்கு. கிடைக்கேல்லை. வராதவவுக்கு, வீட்டிலை இருந்தவவுக்கு, தையலோடை கிடக்குது. இது என்ன நியாயம்? எந்தக் கடவுள் இப்பிடிப் பங்கு பிரிக்கிறது?

அந்தா, நறுவிலிமுனை வளைவு வந்திட்டுது. கொண்டக்டர் தம்பி, சந்தியிலை ஒருக்கா நிப்பாட்டுங்கோ.

அவ வேலிக்கரையிலைதான் நிப்பா. கால் ஏலாது எண்டாலும் நிப்பா, எனக்குத் தெரியும் அவவை. கேட்டால் ஒண்டுமில்லை எண்டு சொல்லப்போறன். பிறகு பாத்துக்கொள்ளலாம். அவ இத்தினை வருசம் பொறுத்தவதானே, இன்னும் கொஞ்சம் பொறுக்கட்டும். முதலிலை என்ரை பிள்ளைக்கு ஒரு மறுமொழி வரட்டும். அதுக்குப் பிறகு அவவின்ரை மனுசனைப் பற்றிக் கதைப்பம்.